மாமனாருக்கு ஒரு கிளட்ச்

கெட்ட செய்தி சொல்வதற்குத் தயங்குகிறவர் அல்ல அந்தப் பல் டாக்டர். வாயைப் பிளந்துகொண்டு கண்ணை உருட்டும் ஆள் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, விளக்கைச் சற்றுத் தள்ளிவிட்டு, இது தேறாதுங்க, எடுத்துத்தான் ஆகணும் என்று பளிச்சென்று சொல்லிவிடுவார். சொன்ன கையோடு ஊசியையும் எடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் மாமனார் வீட்டு வாசலைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிடுவார். அங்கே அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு முதுகு சாய்க்கிற நாற்காலி உண்டு, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் உண்டு, அடுப்பிலிருந்து எது இறங்கினாலும் முதல் தட்டு உண்டு. வாய் மட்டும் கிடையாது.

மாமனார் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ ரயில்களைச் சிவப்பு விளக்கு காட்டி நிறுத்தியவர். அந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறாரோ என்னவோ, இப்போது எந்தச் சிவப்பு விளக்குக்கும் அவர் நிற்பதில்லை. அவரிடம் ஒரு பழைய நீல நிற ஆட்டோமேட்டிக் கார் இருந்தது. வேலையில் இருந்தபோது மேலதிகாரி ஒருவர் ஊரைவிட்டுப் போகையில் இவரிடம் விட்டுப்போனது. கியர் மாற்றும் வேலை கிடையாது. மிதித்தால் போகும், மிதித்தால் நிற்கும். எதை மிதிக்கிறோம் என்பதில்தான் சமீப காலமாகச் சிக்கல். பக்கத்து வீட்டு மதில் சுவர் ஒரே இடத்தில் இரண்டு தடவை இடிந்தது. ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் போய், எதிரே வந்த அத்தனை பேரையும் விதி தெரியாதவர்கள் என்று திட்டிக்கொண்டே வீடு திரும்பினார். கடைசியாக, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து மருந்துக்கடைப் படியேறினார். வாசலில் நின்ற எடை பார்க்கும் மெஷின்தான் குறுக்கே விழுந்து கடைக்காரரைக் காப்பாற்றியது.

ஒவ்வொரு பயணத்திலும் பக்கத்து சீட்டில் மாமியார் இருப்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும்வரை வலது காலால் இல்லாத ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அவர் பக்கத்து மிதியடியில் குதிகால் படும் இடம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. கேட்டால் மட்டும், "அவர் ஓட்டினா எனக்கென்ன பயம்" என்பார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்.

இந்த மனிதரைக் கார் ஓட்ட விடக்கூடாது என்பதில் குடும்பத்தில் இரண்டு கருத்து இல்லை. யார் சொல்வது என்பதில் ஒரு கருத்துகூட இல்லை. மகள், அதாவது டாக்டரின் மனைவி, அப்பா முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும் என்று ஒதுங்கிக்கொண்டாள். வெளிநாட்டில் இருக்கும் மச்சான், இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா, நேரில்தான் சொல்லவேண்டும் என்றான். நேரில் வந்தபோது, வந்ததே பத்து நாள், அதில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்றான். மாமியார் பேச்சை எடுத்தாலே எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். ஆக எல்லோர் கண்ணும் மாப்பிள்ளை மேல் வந்து நின்றது. மாப்பிள்ளையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு போவார். மாமனார் எழுந்து நின்று, வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை என்பார். போனவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சொல்லவந்ததையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டுத் திரும்பி வருவார். இப்படிப் பல தடவை ஆயிற்று.

இந்த நிலையில்தான் ஒரு நாள் கார் தானாகவே நின்றுவிட்டது. சந்தைக்கு எதிரே, நட்டநடுச் சாலையில். என்ஜின் ஓடுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. 'பிஸ்டன்' என்கிற மெக்கானிக் வந்து கட்டி இழுத்துப் போனான். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கலாம். அவன் வண்டிக்கு அடியிலிருந்து கறுத்த முகத்தோடு வெளியே வந்து, கியர்பாக்ஸ் தீய்ந்துவிட்டது, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, மாதக்கணக்கில் ஒழுகியிருக்கிறது, யாரும் பார்க்கவே இல்லையா என்று கேட்டான். பாருங்கள், இதைக்கூடக் கவனிக்க முடியாத நிலைக்கு அப்பா வந்துவிட்டார் என்று மனைவி கண் கலங்கினாள்.

எல்லோருக்கும் உள்ளூர ஒரு நிம்மதி. அந்த நிம்மதி அன்று சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. மச்சான் போனில் வந்து, கவலைப்படாதீர்கள், அப்பாவுக்கு நான் புது வண்டி வாங்கித் தருகிறேன், ஆட்டோமேட்டிக்கிலேயே நல்ல வேகமான வண்டியாகப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றான். உறுமத்தான் தெரிந்த கிழட்டு வண்டியே மருந்துக்கடைக்குள் போகிறது என்றால், பாயத் தெரிந்த வண்டி எங்கே போய் நிற்கும்? யோசித்துப் பாரப்பா என்று மாப்பிள்ளை மச்சானிடம் மன்றாடினார். அப்படியானால் நீங்கள் ஏதாவது வழி சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் நான் வாங்கிவிடுவேன் என்று மச்சான் கெடு வைத்துவிட்டான்.

வழி பிஸ்டன் வாயிலிருந்து வந்தது. இந்த மாடலுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உலகத்திலேயே கிடைக்காது, ஆனால் இதே வண்டி சாதாரண கியரிலும் வந்தது, பழைய வண்டி உடைக்கிற இடத்தில் ஒன்று கிடக்கிறது, அதன் குடலை எடுத்து இதற்கு வைத்துவிடலாம் என்றான். கியர் வண்டி ஆகிவிடும், கிளட்ச் மிதிக்க வேண்டியிருக்கும், பெரியவருக்குச் சம்மதமா என்று கேட்டான்.

கிளட்ச் என்ற வார்த்தை மாப்பிள்ளையின் காதில் தேனாகப் பாய்ந்தது. மாமனாருக்கு இடது முட்டி தேய்ந்துபோய் வருஷக்கணக்காகிறது. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று, படியோடு பேசிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார். கியர் வண்டி என்றால் அந்த முட்டியால் ஒரு தெருகூடத் தாண்டமாட்டார். கார் வீட்டு வாசலிலேயே நிற்கும்; கார் அவருடையதாகவே இருக்கும்; ஓட்டாதீர்கள் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. முட்டி சொல்லிவிடும். மனைவிக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியும், போக வர அவள் பார்த்துக்கொள்வாள். ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு காரின் வயிற்றைக் கிழித்து இன்னொரு காரின் குடலை வைக்கலாம் என்று அந்தக் குடும்பம் ஒருமனதாக முடிவு செய்தது. யாருக்கும் இது விபரீதமாகத் தோன்றவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

மாமனாரிடம் போய், உங்கள் வண்டியைச் சரி பண்ணிவிடலாம் மாமா, என்ன, கியர் வண்டியாகிவிடும் என்று மாப்பிள்ளை பக்குவமாகச் சொன்னார். மாமனார், "எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்கு இவ்வளவு சிரமம்? வேண்டாமே" என்றார். சிரமமெல்லாம் ஒன்றுமில்லை மாமா என்றார் மாப்பிள்ளை. இல்லை, வேண்டாம் என்றார் அவர். ஐயோ, நீங்கள் அப்படிச் சொல்லக்கூடாது என்றார் இவர். பெரியவர்கள் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லித்தான் ஒரு டம்ளர் காப்பியையே வாங்கிக்கொள்வார்கள், இது காராயிற்றே என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பி வந்துவிட்டார்.

பிஸ்டனின் பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. சுவர் முழுக்க ஆணியடித்து ஸ்பேனர்களைத் தொங்கவிட்டு, எது எங்கே இருக்கவேண்டும் என்று பெயிண்டால் அதனதன் உருவத்தையும் வரைந்து வைத்திருந்தான். எந்த உருவத்தின் மேலும் அதற்குரிய ஸ்பேனர் இல்லை. முதல் நாளே அவன் நீலக் காரை இரும்புத் தாங்கிகளின் மேல் ஏற்றி, தீய்ந்துபோன கியர்பாக்ஸைச் சங்கிலி கட்டி இறக்கிவிட்டான். ஒரு சின்னப் பன்றி அளவுக்கு இருந்தது. மாப்பிள்ளை பல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டுத் தினமும் நேரே இங்கே வந்துவிடுவார். வேர் ஆழமான கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதைப் போலத்தான் இருக்கிறது என்று அவருக்கு இதில் ஒரு ருசியே வந்துவிட்டது.

பழைய வண்டி உடைக்கிற இடத்துக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். அங்கே அதே மாடல் கார் ஒன்று சக்கரமில்லாமல் தரையோடு தரையாகக் கிடந்தது. மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பார்த்தார். கேபிள் என்கிற கம்பி வடம் வைத்த பழைய கிளட்ச். கல்லை மிதிப்பது போல இருந்தது. நல்ல முட்டி உள்ள அவருக்கே தொடை இழுத்துக்கொண்டது. காலைத் தேய்த்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்து, பிரமாதம், இதுவே இருக்கட்டும், இதை அப்படியே வைத்துவிடு என்றார். பிஸ்டன் அவர் முகத்தையும் பார்த்தான், தொடையைத் தேய்க்கும் கையையும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். மாப்பிள்ளை அப்போதே உஷாராகியிருக்கவேண்டும்.

வேலை நடந்தது. ஆட்டோமேட்டிக்குக்கு இருந்த மெல்லிய தட்டைக் கழற்றிவிட்டு என்ஜின் பின்னால் கனமான ப்ளைவீலை மாட்டினான். கிளட்ச் பிளேட்டை நடு மையம் பார்த்துப் பொருத்தினான். புது கியர்பாக்ஸ் நீளம் குறைச்சல் என்பதால் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி நீட்டி வாங்கினான். கியர் கம்பி வெளியே வருவதற்கு காரின் தரையில் ஓட்டை போட்டபோது, அளவு தப்பி ஓட்டை பெரிதாகி, அதன் வழியாகப் பட்டறைத் தரை நன்றாகத் தெரிந்தது. காற்றோட்டத்துக்கு நல்லது என்றான். அப்புறம் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு ரப்பர் உறை போட்டு மூடினான்.

மாமனார் நடுவில் ஒருமுறை கைத்தடியோடு வந்து, அடுக்கி வைத்திருந்த டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, தம்பி, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன் என்றார். அதாவது உன்னால் முடியுமா என்று கேட்கிறார் என்று பிஸ்டன் எடுத்துக்கொண்டான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெரியவர் போன பிறகு இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்து முடித்தான்.

எல்லாம் மாட்டி முடித்து சாவியைத் திருப்பிய அன்று காரிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தான். ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டினான். பெட்ரோல் வருகிறதா என்று வாயால் உறிஞ்சிப் பார்த்து, வருகிறது என்று துப்பினான். மாப்பிள்ளை மண்டையைக் குடைந்துகொண்டு நின்றார்; மச்சானின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. விஷயம் கேள்விப்பட்டு மாமனார் வந்தார். அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை மாப்பிள்ளை அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் பிஸ்டனின் தோளில் கை வைத்து, நீங்கள் உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டீர்கள், இனி அதை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்று, ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஆறுதல் சொன்னார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார்.

பிஸ்டனுக்கு அந்த ஆறுதல் தாங்கவில்லை. காருக்குள் தலைகீழாகப் புகுந்து டார்ச்சை அடித்துக்கொண்டு கிடந்தவன், திடீரென்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். ஆட்டோமேட்டிக் காரில், கியர் நிறுத்தத்தில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். அதற்கென்று ஒரு சுவிட்ச் அந்தப் பழைய கியர்க் கம்பியோடு இருந்தது. கம்பியோடு சேர்த்து அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அனுமதி கொடுக்க ஆளில்லாமல் கார் காத்துக்கொண்டிருந்தது. தொங்கிய இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினான். கொட்டகை அதிர கார் உயிர் பெற்றது. மாப்பிள்ளை கை தட்டினார். மாமனாரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு பிஸ்டன் மாப்பிள்ளையைத் தனியே அழைத்தான். "டாக்டர் சார், நீங்க வாய் திறந்து கேக்கல. எனக்கு வேலை அதிகமாயிடும்னு கூச்சப்பட்டீங்க. அன்னைக்கு நீங்க தொடையைத் தேச்சுக்கிட்டு இறங்கினப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பெரியவர் முட்டிக்கு அது ஆகுமா? அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுட்டு, வேற வண்டியிலேர்ந்து ஆயில் கிளட்ச் எடுத்துப் போட்டிருக்கேன். பூ மாதிரி இருக்கும், மிதிச்சுப் பாருங்க."

மிதித்துப் பார்த்தார். பூ மாதிரிதான் இருந்தது. குழந்தைகூட மிதிக்கலாம். ரொம்ப நன்றி என்று சொல்லவேண்டி வந்தது, சொன்னார். பிஸ்டனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வாசலில் எல்லோரும் கூடி நின்றார்கள். மனைவி கையைப் பிசைந்துகொண்டு புருஷனை முறைத்தாள். மாமனார் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சரி, ஒரு சுற்று போய்வருகிறேன் என்றார். வழக்கம்போல முன்கதவைத் திறக்கப்போன மாமியாரை மாப்பிள்ளை முந்திக்கொண்டார். முதல் ஓட்டம், நான் போகிறேன் அத்தை, நீங்கள் அடுத்த தடவை என்று சொல்லி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லத் தைரியமில்லை. மாமியாருக்குப் பதிலாகத் தான் செத்தாலும் பரவாயில்லை என்கிற தைரியம் மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

கிளம்பும்போது கார் இரண்டு தடவை குதித்தது. அப்புறம் ஒழுங்காகப் போயிற்று. மாமனார் வாலிபத்தில் கியர் வண்டி ஓட்டியவர்தான், கை மறக்கவில்லை. கண்தான் ஒவ்வொரு தடவையும் எந்த கியர் என்று குனிந்து பார்த்தது. அவர் குனியும்போதெல்லாம் கார் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் போய், நிமிரும்போது திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் வலது கால் தானாகவே தரையை அழுத்தத் தொடங்கியது. தெருக்கோடியில் சாலை சரிவாக இறங்கி ஒரு முச்சந்தியில் சேர்கிறது. அங்கே மரச்சாமான் கடை முன்னால் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய மெத்தையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். ஒருவன் முன்னால், ஒருவன் மெத்தைக்கு மறுபக்கம்.

நிறுத்துங்கள் மாமா என்றார் மாப்பிள்ளை. மாமனார் மிதித்தார். இரண்டு கால் இருக்கிறது, மூன்று மிதி இருக்கிறது; அவர் பலங்கொண்ட மட்டும் மிதித்தது கிளட்சை. பூ மாதிரி உள்ளே போயிற்று. என்ஜினின் பிடியும் விட்டுப்போய், கார் சத்தமே இல்லாமல் சரிவில் உருண்டது.

மோதியபோதும் சத்தம் வரவில்லை. முன்னால் போனவன் துள்ளி விலகினான்; மெத்தை மடிந்து பானட்டின் மேல் சாய்ந்து முன்கண்ணாடி முழுவதையும் மூடிக்கொண்டது. கார் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மாமனாரின் கால் கடைசியில் சரியான மிதியைக் கண்டுபிடித்ததும், ஒரு குலுங்கலோடு அணைந்து நின்றது. எதிரே கோடு போட்ட துணியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தத் துணிக்கு அப்பால் இருந்த ஆள் நிற்கிறானா, கிடக்கிறானா, சக்கரத்துக்கு அடியில் இருக்கிறானா என்று தெரியவில்லை. இறங்கிப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. மாமனாரிடம் வாய் திறக்காமல் விட்ட அத்தனை தடவைகளும் அந்தத் துணியில் மாப்பிள்ளைக்குத் தெரிந்தன.

பிறகு மெத்தை அசைந்தது. ஒரு கை அதை இழுத்துத் தள்ளியது. சிவந்த முகம் ஒன்று எட்டிப் பார்த்து, மாமனாரின் வயதையோ மாப்பிள்ளையின் படிப்பையோ சற்றும் பொருட்படுத்தாமல், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியது. அதுவரை யாருடைய பேச்சும் மாப்பிள்ளைக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. அவர் இறங்கி இருவருக்கும் ஒரு கீறலும் இல்லை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார், மெத்தையைத் தட்டிக் கொடுத்தார், மன்னிப்புக் கேட்டார். காரை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். மாமனாரின் கைகள் இன்னும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் விளக்கைத் தள்ளிவிட்டுப் பேசுகிற அதே குரல் மாப்பிள்ளைக்கு வந்துவிட்டது.

"மாமா, இனிமே நீங்க வண்டி ஓட்டக்கூடாது. கண்ணும் சரியில்ல, காலும் சரியில்ல. இன்னைக்கு மெத்தை இருந்துச்சு. இன்னொரு நாள் இருக்காது."

சொல்லிவிட்டு இடி விழக் காத்திருந்தார். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளாச்சா மாப்பிள்ளை?" என்றார். குரலில் கோபமே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் ஒழுகுவது அவருக்குத் தெரியுமாம். மருந்துக்கடைப் படியேறியதற்கு மறுநாளிலிருந்தே தெரியுமாம். தினமும் காலையில் யாரும் பார்ப்பதற்கு முன் காருக்கு அடியில் சிந்திக்கிடந்ததைப் பழைய துணியால் துடைத்துவிடுவாராம். ஒருநாள் தானாக நின்றுபோகும், வண்டி போய்விட்டது, நானும் விட்டுவிட்டேன் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். அது நின்ற அன்றைக்குத்தான் மனுஷன் நிம்மதியாகத் தூங்கினாராம். அப்புறம் மாப்பிள்ளை வந்து அதை உயிர்ப்பித்துவிட்டார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே மாமா என்று மாப்பிள்ளை தழுதழுத்தார். "சொன்னேனே" என்றார் மாமனார். உண்மைதான், சொன்னார். வீட்டில் சொன்னார், பட்டறைக்கு நடந்து வந்து சொன்னார், கார் கிளம்பாத அன்று கிட்டத்தட்டக் கெஞ்சினார். ஆனால் மாப்பிள்ளை இவ்வளவு மெனக்கெடும்போது மூஞ்சியில் அடித்த மாதிரி எப்படி மறுப்பது என்று அதற்குமேல் போகவில்லை. மாப்பிள்ளையும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இந்த வேலை முழுக்க உங்கள் முட்டியை நம்பிச் செய்தது என்றார். மாமனாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டது. மெத்தைக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, குடித்திருப்பார்கள் என்று முடிவு செய்து கடைக்குள் போனார்கள்.

அத்தையிடமாவது சொல்லியிருக்கலாம் என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மாமனாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவ கால் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளா பக்கத்துல உக்காந்து பயமே இல்லைங்கறா. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட மாத்திச் சொன்னதில்ல. அவகிட்ட போய், எனக்குப் பயமா இருக்குடின்னு எப்படி மாப்பிள்ளை சொல்வேன்?"

மாமனார் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து விரல்களை மூடினார். நானாக விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். 'மாப்பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், என்னால் தட்ட முடியவில்லை' என்று நான் வீட்டில் சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் வரும், பரவாயில்லையா என்றார். பரவாயில்லை மாமா என்றார் மாப்பிள்ளை.

வீட்டுக்குத் திரும்பத்தான் ஒரு சின்னச் சிக்கல். மாப்பிள்ளைக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. மாமனார் ஓட்டக்கூடாது. ஓட்டத் தெரிந்த மகளைக் கூப்பிட்டால் மெத்தைக் கதையும் வெளியே வந்துவிடும். கடைசியில் மாமனார் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, மாப்பிள்ளை பின்னாலிருந்து மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். வியர்வை சொட்டச் சொட்ட, கார் வாசலில் வந்து நின்றபோது மாமியாரும் மனைவியும் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மாமனார் இறங்கினார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இனிமேல் நான் ஓட்டக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார், அவர் பேச்சைத் தட்ட முடியுமா என்றார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு இவ்வளவு நடிக்க வரும் என்று யாருக்குத் தெரியும்? மனைவி, இத்தனை நாள் சதியில் தனக்கும் பங்கு உண்டு என்பதைச் சுத்தமாக மறந்து, எங்கள் அப்பாவிடம் அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். மாமியார் அழவில்லை. மாப்பிள்ளையின் எதிரில் நேராக வந்து நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசினார்.

"அவர் ஓட்டறப்ப எனக்கு ஒரு நாளும் பயமா இருந்ததில்ல, மாப்பிள்ளை. தெரிஞ்சுக்குங்க."

மாமியாரின் தலைக்கு மேலாக மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல வாய் துறுதுறுத்தது. அந்த வீட்டில் முதல் தடவையாகப் பேச்சு வந்திருக்கிறது. அதைப் பேசாமல் இருப்பதற்குத்தான் இப்போது பலம் வேண்டியிருந்தது.

"தப்புதான் அத்தை" என்றார். "ஆனா சொன்னது சொன்னதுதான். சாவி என்கிட்டயே இருக்கும்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். மகளும் பின்னாலேயே போனாள். மாமனார் மாப்பிள்ளையின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்து விட்டுவிட்டு, துக்கமான முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டு, தன்னைத் தேற்றுவதற்கு வீட்டுக்குள் காத்திருக்கும் மனைவியிடம் போனார்.